எனக்கு எத்தனை பேர்?

போன செவ்வாய்க்கிழமை காலை டாலஸ் கோர்ட்டில் ஜட்ஜ் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். மொழிபெயர்க்க வந்திருந்த தம்பி அதைத் தமிழில் சொன்னார்.

"உங்களுக்கு எத்தனை பேரும்மா?"

"ஒரே பொண்ணுதான் தம்பி. இதோ பின்னாடி உக்காந்திருக்கா."

பின்னால் என் மகள் கவிதா தலையில் கை வைத்துக்கொண்டாள். தம்பி பதறிப்போய், "ஆள் இல்லம்மா... பேரு! நேம்!" என்றார்.

அப்படிப் புரிகிற மாதிரி கேட்க வேண்டியதுதானே?

இரண்டு. அந்த இரண்டாவது பேர்தான் என்னைக் கோர்ட் வரைக்கும் இழுத்து வந்தது.

வீட்டுக்காரர் போன பிறகு நான் டாலஸ் பக்கத்தில் காப்பெல்லில் கவிதாவோடு இருக்கிறேன். அவள் சிட்டிசன். அம்மாவுக்கு கிரீன் கார்டு கேட்டு அப்ளை பண்ணினாள். ஃபாரத்தில் 'வேறு பெயர்கள் உண்டா?' என்று ஒரு கட்டம். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் 'இல்லை' என்று அடித்துவிட்டாள். நானும் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். படித்திருந்தால் மட்டும் புரிந்திருக்குமா என்ன?

என் பாஸ்போர்ட்டில் மீனாட்சி. கவிதாவின் பர்த் சர்டிஃபிகேட்டில் தாயார் பெயர் — பாக்கியம்.

இமிக்ரேஷன் ஆபீஸிலிருந்து பதில் வந்தது. ரிஜெக்ட்! நீ இவளுடைய அம்மாதானா? அம்மா என்றால், பேரை ஏன் மறைத்தாய்?

மறைக்கவில்லை ஐயா... மறந்தே போய்விட்டேன்!

திருமங்கலத்தில் என் மாமியார் பேரும் மீனாட்சி. தெரிந்துதான் பெண் எடுத்தார்கள். ஆனால் பெற்ற தாயின் பேரைச் சொல்லி எந்த மகன் பெண்டாட்டியை அதட்டுவான்? மாமியாருக்கு அதைவிடச் சிக்கல். "ஏ மீனாட்சி, சோம்பேறி!" என்று கத்தினால் யாரைத் திட்டியதாக ஆகும்? கல்யாணமான மூன்றாம் நாளே என்னைப் பாக்கியமாக்கிவிட்டார்கள். கவிதா பிறந்ததும் பதியப் போன மாமனார், வாயில் வந்த பேரைச் சொல்லிவிட்டு வந்தார்.

ரிஜெக்ட் ஆன பேப்பரையும், என்னை ஊருக்குத் திருப்பி அனுப்புவதா என்று விசாரிக்கக் கோர்ட்டுக்கு வரச்சொன்ன நோட்டீஸையும் பார்த்துக் கவிதா அழுதாள்.

"அம்மா, நீயே ஊருக்குப் போயிடறியா? அவங்களா அனுப்பினா இன்னும் அசிங்கம். நான் வருஷா வருஷம் வர்றேன்."

"ஊர்ல யாருடி இருக்கா? பூட்டுதான் இருக்கு. நான் என்ன பொய் சொன்னேன், திருடி மாதிரி ப்ளேன் ஏற? ஜட்ஜ்கிட்ட சொல்லிட்டுத்தான் மறுவேலை."

வக்கீலம்மா நம்ம ஊர்ப் பெண்தான். "ஆன்ட்டி, டி.என்.ஏ. டெஸ்ட்ல நீங்க அம்மான்னு ப்ரூவ் ஆயிடுச்சு. ஆனா பேரை ஏன் மறைச்சீங்கங்கற கேள்வி அப்படியே நிக்கும். அந்த வீட்ல அப்ப இருந்தவங்க யாராவது சாட்சி சொல்லணும். யார் இருக்கா?"

ஒரே ஒருத்தர். என் நாத்தனார், சரசு மதினி. பேச்சுவார்த்தை நின்று பதினைந்து வருஷம். தன் தம்பி, அதாவது என் வீட்டுக்காரர், சாவுக்கு வந்தபோதுகூட என்னிடம் வாய் திறக்கவில்லை.

கவிதா கல்யாணப் பத்திரிகையில் அத்தை பேர் விட்டுப்போய்விட்டது. 'பிரஸ்காரன் தப்பு' என்றுதான் இத்தனை வருஷமாகச் சொல்லி வருகிறேன். உங்களிடம் மட்டும் சொல்கிறேன்... அந்தப் பேரைக் கோடு போட்டு அடித்தது நான்தான். என் சாம்பாரைப் பற்றி மதினி ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்.

போன் போட்டேன்.

"யாரு?"

"நான்தான் மதினி... பாக்கியம்."

"எந்தப் பாக்கியம்? என் பேரைப் பத்திரிகையில போடாத பாக்கியமா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"அடி ஆத்தாடி! என் பேரு உனக்கு வேணாம். உன் பேரைச் சொல்ல மட்டும் நான் வேணுமாக்கும்?"

"அது வந்து மதினி, பிரஸ்காரன்..." என்று ஆரம்பித்தேன். நிறுத்திவிட்டேன். கோர்ட்டில் சத்தியம் பண்ணப் போகிறவள், முதலில் இங்கே ஒரு ஒத்திகை பார்த்தால் என்ன?

"இல்ல மதினி. நான்தான் அடிச்சேன். தப்புதான்."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்டி."

வைத்துவிட்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கவிதா கோர்ட்டுக்கான வீடியோ லிங்க் அனுப்பினாள். நீல டிக் விழுந்தது. பதில்? ம்ஹூம்.

செவ்வாய்க்கிழமை கோர்ட் திரையில் முதலில் ஒரு சீலிங் ஃபேன் சுற்றியது. அப்புறம் ஒரு மூக்குத்தி. அப்புறம்... பட்டுப் புடவையில் சரசு மதினி!

இந்த இரண்டாவது பேர் எப்படி வந்தது என்று ஜட்ஜ் கேட்டார்.

"எங்கம்மா பேரும் மீனாட்சிங்கய்யா. வேற பேரு வைக்கணும்னாங்க. எனக்குப் பொம்பளப்புள்ள பொறந்தா பாக்கியம்னு வைக்கணும்னு நெனச்சு வச்சிருந்தேன். பொறக்கல. இவளுக்குக் குடுத்துட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது. அவர் ஆசையாக வைத்திருந்த பேரை எனக்குக் கொடுத்திருக்கிறார்... நான் அவர் பேரை அடித்திருக்கிறேன்.

ஜட்ஜ் விடவில்லை. "இவருக்கு உதவி செய்வதற்காக இப்படிச் சொல்கிறீர்களா?"

"உதவியா? இவளுக்கா? நானா?" ஸ்பீக்கர் அதிர்ந்தது. "இவகூட பதினஞ்சு வருசமா எனக்குப் பேச்சே கெடையாது, இப்பப் போன் போட்டதும் இந்தச் சாட்சிக்குத்தான். சாம்பார்ல உப்புப் போடத் தெரியாதவ. வாயோ, கேக்கவே வேணாம். ஆனா மீனாட்சியும் இவதான், பாக்கியமும் இவதான். இவளுக்காகப் பொய் சொல்ல எனக்கென்ன தலையெழுத்தா?"

தம்பி எல்லாவற்றையும் மொழிபெயர்த்தார். சாம்பாரை மட்டும் 'சூப்' என்று சொல்லிவிட்டாராம். அதற்கு எங்கே அப்பீல் பண்ணுவது என்று வக்கீலம்மாவைக் கேட்டேன். சும்மா இருக்கச் சொன்னார்.

ஜட்ஜ் சிரித்தார். பொய் சொல்ல எந்தக் காரணமும் இல்லாத சாட்சி என்றார். பேரை நான் வேண்டுமென்று மறைக்கவில்லை, கிரீன் கார்டு கொடுக்கலாம் என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். கவிதா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். திரையில் மதினி, "ஏண்டி அழுவுறீக? என்னாச்சு? யாராச்சும் சொல்லுங்களேன்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

எல்லாரும் சாட்சிக்கு வேண்டியவர்களைத்தான் தேடுகிறார்கள். வேண்டியவர் ஆயிரம் சொன்னாலும், "வேண்டியவர்தானே, அப்படித்தான் சொல்வார்" என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும். நம்மைப் பிடிக்காதவர் வாயிலிருந்து வரும் ஒரு உண்மை இருக்கிறதே... அதற்கு அப்பீலே கிடையாது.

அதனால் சொல்கிறேன். சொந்தக்காரர்களோடு தாராளமாகச் சண்டை போடுங்கள்... போன் நம்பரை மட்டும் டெலீட் பண்ணிவிடாதீர்கள்!