கிருமி சொன்ன சாட்சி

மாதக்கணக்கில் மாத்திரை முழுங்கியும் சளியில் மறுபடி ரத்தம் வந்தது. எனக்குக் காசநோய் (நுரையீரலை அரிக்கும் கிருமித் தொற்று). செஞ்சி ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார், பிறகு என்னை.

"மாத்திரைய நடுவுல விட்டுட்டீங்களாம்மா?"

"ஒரு நாளும் விடல சார்."

அதற்குள் கூட வந்திருந்த நைனா (அப்பா) முந்திக்கொண்டார். "நாங்க ஜைனருங்க சார். உபவாச நாள்ல காய்ச்சின தண்ணி தவிர என் பொண்ணு எதுவும் வாயில வைக்காது." அதில் அவருக்கு அத்தனை பெருமை!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இல்ல நைனா. அந்த நாள்லயும் மாத்திரை முழுங்கினேன். உயிர் வேணும்ல?"

"சும்மா சொல்லுது சார். அது அப்டிச் செய்யாது."

டாக்டர் நைனாவைத்தான் நம்பினார். அதே மாத்திரைகளை முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்.

"முடியாது. கேக்காத மருந்த எத்தினி நாளைக்குத் தின்றது? என்னை விசாரிச்சது போதும் சார், கிருமிய விசாரிங்க" என்றேன். நைனா தலையில் அடித்துக்கொண்டார்.

டாக்டர் யோசித்தார். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு கருவி வந்திருந்தது. உள்ளங்கை அளவுதான்; கிருமியின் டி.என்.ஏ.வை (உயிரின் அடிப்படை எழுத்துகளை) மின்துடிப்புகளாக வாசிக்கும். அந்தத் துடிப்புகளை எழுத்தாக மாற்றுவதற்குள் சாதாரண லேப்டாப் திணறிவிடுமாம். அதனால் அந்தக் கணக்கை மட்டுமே போடும் கம்ப்யூட்டர் சில்லு (சிப்) ஒன்றை, டிபன் பாக்ஸ் போன்ற பெட்டியில் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். சென்னைக்கு அனுப்பிவிட்டுக் காத்துக்கிடக்க வேண்டாம்.

முதன்முதலில் நான் கொடுத்த சளி லேபில் பத்திரமாக இருந்தது. அதையும் புதியதையும் சேர்த்தே சோதித்தார்கள். மறுநாள் நாங்கள் போனபோது பெட்டியின் விசிறி இரைந்துகொண்டிருந்தது.

"பொழுது சாயுது, சாப்டு வந்துடலாம்" என்றார் நைனா. பொழுது போனபின் நாங்கள் சாப்பிடுவதில்லை.

"பதில் வராம நகரமாட்டேன்."

இருட்டிய பிறகுதான் டாக்டர் கூப்பிட்டார். இரண்டு சளியிலும் ஒரே கிருமி. முக்கியமான மருந்துகளுக்கு ஆரம்பத்திலிருந்தே எதிர்ப்புத்திறன் (மருந்துக்கு மசியாத குணம்) கொண்டது. "உங்க மேல தப்பே இல்லம்மா" என்றார்.

நைனா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்குப் பசியிலும் சிரிப்பு வந்தது.

உங்களையும் யாராவது "விட்டுட்டீங்களா" என்று கேட்டால் தலை குனியாதீர்கள். கிருமியையும் கேட்கச் சொல்லுங்கள்.

புது மருந்தைச் சாப்பாட்டோடுதான் எடுக்கணும். இப்போது மாத்திரை போட்டால்தான் எனக்குப் பொழுது விடிகிறது. போன உபவாசத்தன்று காலையில் நைனாவே இட்லித் தட்டை என் முன்னால் வைத்தார்.

"இன்னா நைனா, இன்னிக்கு உபவாசமாச்சே?"

"உபவாசம் அந்தக் கிருமி இருக்கட்டும். நீ சாப்டு."