கீழ்வீட்டில் வெள்ளிக்கிழமை ஜெபம்

நேசம்மாள் அக்காளுக்குக் கோபம் வந்து எங்கள் சபையில் ஒருவரும் பார்த்ததில்லை, போன வருடம் வரைக்கும். எனக்கு எடுத்ததற்கெல்லாம் கோபம் வரும். அதனால் அவள் கதையை நான் சொல்வதுதான் பொருத்தம்.

குவைத்தில் நர்ஸாக நின்று நின்றே வயதைக் கழித்தவள் அவள். தம்பி தங்கைகளைக் கரையேற்றியதில் கல்யாணத்துக்கு நேரம் இல்லாமல் போயிற்று. கரையேறியவர்கள் இப்போது கிறிஸ்துமஸ் வந்தால் போனில் கேக் படம் அனுப்புகிறார்கள். மிஞ்சிய காசில் கருங்கல் ஊர்ப் பக்கம் எங்கள் தெருவில் நாலு சென்ட் நிலம் வாங்கி, மாடியோடு வீடு கட்டினாள். கீழே வாடகைக்கு, மேலே அவள். பென்ஷன் கிடையாது, பிள்ளை கிடையாது. அந்த வாடகைதான் அவளுக்குச் சோறு.

கீழ்வீட்டை மத்தியாசுக்கு விடும்போதே ஜெபதாஸ் அண்ணன் எச்சரித்தார். பத்திரம் எழுதுகிறவர், பதிவு ஆபீஸ் வாசலிலேயே நரைத்தவர்.

"பிள்ளே நேசம்மா, முத்திரைத்தாளுல பதினோரு மாசத்துக்கு ஒரு ஒப்பந்தம் எழுதிப் போடு. ரெண்டு சாட்சி. கேட்டா காலி பண்ணணும்னு ஒரு வரி. ஒனக்க வீடு ஒனக்க கையில இருக்கும்."

"மத்தியாசு நம்ம சபைக்காரன்லா அண்ணே. ஆராதனையில ஒரே பாத்திரத்துல கர்த்தரோட ராப்போஜனம் எடுக்கியோம். அவன்கிட்ட போயி தாளை நீட்ட எனக்குக் கூச்சமா இருக்கு."

எங்கள் ஆட்களின் வியாதியே இதுதான். முன்பின் தெரியாதவன் வந்தால் ஆதார் நகல், போட்டோ, முன்பணம் எல்லாம் கேட்போம். சபைக்காரன் என்றால் தாள் கேட்பதே அவமானம். போதகர் வந்து ஒரு ஜெபம் பண்ணினால் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிடுவோம். அலைச்சல் இல்லை, செலவு இல்லை, யார் முகமும் கோணாது. மத்தியாசும் அவன் மனைவி ரெஜிலாவும் பால் காய்ச்சிய அன்று நானும் போய்ப் பாட்டுப் பாடி, முறுக்குத் தின்றுவிட்டு வந்தவள்தான்.

வாடகை ஒழுங்காக வந்தது. அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அக்காளின் முழங்கால்கள் தேய்ந்துபோயின. படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாலுக்கும் மீனுக்கும் இறங்க வேண்டுமே! படிக்கட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்குவாள். பார்க்கச் சகிக்காது. கடைசியில் மத்தியாசிடம் கேட்டாள்: நான் கீழே வந்துவிடுகிறேன், நீ மேலே போய்க்கொள், வாடகையையும் குறைத்துக்கொள்கிறேன். இப்படிக் கேட்கிற வீட்டுக்காரி எந்த ஊரில் கிடைப்பாள்?

அவன் கீழ்வீட்டின் ரோட்டோர முன்னறையில் மொபைல் கடை நடத்திக்கொண்டிருந்தான். மாடிக்குப் போனால் கடை போய்விடும். "பாப்போம் மாமி" என்று மழுப்பினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எழுந்து, வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தை இனி எப்போதும் தன் வீட்டிலேயே வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டான். அதுவரை அது வீடு வீடாக மாறி மாறி நடந்தது. சபைக்கு ஒரே ஆனந்தம். வெள்ளிதோறும் சாயங்காலம் கடையை மூடிவிட்டு அந்த முன்னறையில் கூட்டம் என்று ஏற்பாடு; பாய்களும் மைக்கும் வந்து இறங்கின. வாசலில் வசனம் எழுதிய பலகை ஏறியது.

அக்காள் மறுபடி கேட்டபோது அவன் பதில் தயாராக இருந்தது.

"நான் இப்பவே எறங்கிருவேன் மாமி. ஆனா ஜெபம் நடக்கிய வீட்டைக் காலி பண்ணச் சொன்னா ஒங்களுக்குல்லா கெட்ட பேரு?"

போதகரிடம் போனாள். "கர்த்தருடைய காரியம் நடக்கிற இடம், கொஞ்சம் பொறுங்கம்மா" என்றார். ஜெபதாஸ் அண்ணனிடம் போனாள். "தாளு இல்லாம கோர்ட்டுக்குப் போனா வருசக்கணக்குல இழுப்பான் பிள்ளே" என்றார். கர்த்தரைக் கொண்டுவந்து கடைக்குக் காவல் வைத்திருக்கிறான் ஒருவன், அதற்கு எல்லோரும் ஆமென் சொல்கிறார்கள்!

அந்த வெள்ளிக்கிழமை அக்காள் கூட்டத்துக்கு வந்தாள். கையில் தலையணையும் போர்வையும். காலுக்கு அணைவாக வைக்கத்தான் என்று நினைத்தோம். பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது, ரெஜிலா கொடுத்த சுக்குக்காப்பியும் முடிந்தது. எல்லோரும் எழுந்தோம். அவள் எழவில்லை. தலையணையைப் பாயில் போட்டுக் காலை நீட்டிப் படுத்துவிட்டாள்.

"மாமி, கூட்டம் முடிஞ்சாச்சு" என்றான் மத்தியாஸ்.

"தெரியும். கதவைச் சாத்து."

போதகர் குனிந்து, "அம்மா, இது அவங்க குடியிருக்கிற வீடு. எழும்பி மேலே போங்க" என்றார்.

அக்காள் எழுந்து உட்கார்ந்தாள். அவள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது.

"குடியிருக்கானா? எந்தத் தாளுல எழுதியிருக்கு? வீட்டு வரி எனக்க பேருல, கரண்டு எனக்க பேருல. தாளு இல்லாததுனால இவனை எறக்க முடியாதுன்னு எல்லாருமா சேந்து எனக்குச் சொன்னிய. செரி. என்னைய எறக்க எவன்கிட்ட தாளு இருக்கு? ஏலே மத்தியாசு, தூக்கி வெளிய போடு பாப்போம்!"

ரெஜிலா உள்ளே போய் ஒரு மெத்தையை இழுத்து வந்து விரித்தாள். அக்காள் அதில் படுக்கவில்லை.

அவர்கள் வேறு வீடு பார்த்துப் போகும் வரைக்கும், கடை திறக்க இடம் கொடாமல் அந்த முன்னறைத் தரையிலேயே கிடந்தாள். கெட்டிக்காரி என்று ஊரே சிரித்துச் சிரித்துப் பேசுகிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முட்டு தேய உழைத்துக் கட்டிய வீட்டில், ஒரு மூலையில் படுப்பதற்கு அவள் அத்தனை பேர் முன்னால் கத்த வேண்டியிருந்தது.

அவள் அங்கே படுத்த மறுநாள் காலையிலேயே சபையின் வாட்ஸ்அப் குழுவில் போதகர் அறிவித்துவிட்டார். வரும் வெள்ளிக்கிழமை முதல் கூட்டம் வேறு வீட்டிலாம். அத்தனை சுலபம்.