வலப்பக்கம் போன ரத்தக்குழாய்

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் தனகோட்டிக்கு, வயிற்றைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவதாக ஒரு மிதப்பு. வலப்பக்கம் சரிந்திருந்தால் ஆண்; அவ்வளவுதான் அவள் படிப்பு.

தம்பி மனைவி வளர்மதிக்கு ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, "தொப்புள்கொடி ரத்தக்குழாய் குழந்தை வயித்துல இடப்பக்கம் போகணும். இதுக்கு வலப்பக்கம் போகுது. மத்ததெல்லாம் நல்லா இருக்குது, பயப்படாதீங்க" என்றார்.

தனகோட்டி காதில் விழுந்தது வலப்பக்கம் மட்டும்தான். "வெளியில சொல்லக்கூடாதுன்னு சட்டமாச்சே, பாவம், சாடையா சொல்றாங்க" என்று வளர்மதியைப் பார்த்துக் கண்ணடித்தாள். அன்றைக்கே பஸ் ஸ்டாண்ட் முழுக்க லட்டு கொடுத்தாள்.

பிறந்தது பெண்.

"இன்னாக்கா, பையன்னு லட்டு குடுத்தியே?" என்று வெற்றிலைக்கடை இலியாஸ் சீண்டினான்.

"உள்ள இருக்கிற குழாயே பக்கம் மாறிப் போவுதாம். வெளிய நிக்கிற நான் மாத்திச் சொன்னா மட்டும் குத்தமா?" என்றாள் தனகோட்டி.