ஆளுக்குப் பத்து மாத்திரை

இரண்டு கிழமைக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணிக்கு அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, ஒன் மச்சான் வேனக் கான்ல எறக்கிட்டாரு. புள்ளைகளுக்கு ஒண்ணும் இல்ல. நீ வா."

பதுளையிலிருந்து அப்புத்தளைக்குப் பஸ் பிடித்தேன். அக்கா கணவர் ஓட்டுவது ஸ்கூல் வேன். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பதினொரு பேர். அதில் ஒருத்தி அவருடைய சொந்த மகள். அந்த ரோட்டில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். நல்லவேளை, வேன் சாய்ந்தது மலைப் பக்கத்தில் மழைத்தண்ணீர் ஓடும் கானில்.

போய்ப் பார்த்தால் மனிதர் லயத்து வரிசை வீட்டு வாசலில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறார்!

"குடிச்சீங்களா மச்சான்?"

"சீச்சீ... சரசு குடுத்த மாத்திர மாப்ள. தூக்கத்துக்கு நல்லதாம். புரண்டு புரண்டு பாத்துட்டு, வெடிய நாலு மணிக்கு ரெண்டு போட்டேன்."

நாலு மணிக்கு! ஆறு மணிக்கு வேன் எடுக்கிற ஆள்!

சரசு பக்கத்து வீட்டுக்காரர். கட்டாரில் வீட்டு வேலை செய்துவிட்டு அண்மையில்தான் திரும்பினார். வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் சோப், தைலம், டொபி எல்லாவற்றையும் லயம் முழுக்கப் பங்கு போட வேண்டும். ஒரு வீட்டுக்குக் குறைந்தாலும் பேச்சு நின்றுவிடும். அந்த மெலடோனின் மாத்திரைப் போத்தலையும் அதே நியாயத்தோடு பிரித்திருக்கிறார் — ஆளுக்குப் பத்து, பேப்பரில் மடித்து. போத்தல் எங்கே? கடைசி வீட்டில் கடுகு போட்டு வைத்திருக்கிறார்கள். எவ்வளவு, எப்போது என்று எழுதியிருந்த லேபிளைச் சுரண்டிக் கழுவியாயிற்று.

"ஒடம்புல தானா ஊறுறதுதானாம். அப்பறம் என்ன கெடுதி?" என்றார் மச்சான்.

எனக்கு வந்த கோபத்தில் அவரை டவுன் டொக்டரிடம் இழுத்துப் போனேன். அக்காவும் கூட வந்தாள். டொக்டர் பொறுமைசாலி. இருட்டானதும் மூளை சுரப்பதுதான் மெலடோனின். 'இராத்திரியாகிவிட்டது' என்று உடம்புக்குச் சொல்லும், அவ்வளவுதான். அடித்துப் படுக்க வைக்காது. தேவையென்றால் சின்ன அளவு, படுக்க ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன்னால். விடியப்போகிற நேரத்தில் போட்டால் காலையெல்லாம் மயக்கம்தான். போட்டுவிட்டு ஸ்டியரிங் பக்கமே போகக் கூடாது. பிரஷர், சீனி வியாதி, இரத்தம் உறையாமலிருக்க என்று மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் டொக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.

"சரி, ஏன் தூக்கம் வரல்ல?" என்று கேட்டார்.

அக்கா முந்திக்கொண்டாள். "ஒரு மணி வரைக்கும் போன மூஞ்சிக்கு நேரா புடிச்சுக்கிட்டு இருந்தா எப்படிங்க டொக்டர் வரும்?"

கண்ணுக்குள் வெளிச்சத்தை அடித்துக்கொண்டே இருந்தால் மூளை எப்படி இருட்டென்று நம்பும் என்றார் டொக்டர்.

அன்று மாலையே வீடு வீடாகப் போய்ப் பொட்டலங்களைத் திருப்பிக் கேட்டேன். மூன்று வீட்டில் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. ஒரு வீட்டில் பிரஷர் மாத்திரையோடு சேர்த்தே விழுங்கியிருக்கிறார்கள்! "குடுத்தத வாங்குறது நல்லாவா இருக்கு?" என்று சரசு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரைச் சொல்லி என்ன... 'எனக்குக் கேட்டுச்சு, நீயும் போடு' என்று மாத்திரை நீட்டுகிற ஆள் உங்கள் வீட்டில் இல்லையா? நாம் சீனியைக்கூட அளந்து கொடுப்போம். மருந்தை மட்டும் அள்ளிக் கொடுக்கிறோம்.

இந்தத் திங்கட்கிழமைதான் வேன் மறுபடி ஓடியது. பிள்ளையை ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு தாயும் ஜன்னலில் குனிந்து மச்சானின் கண்ணைப் பார்த்தாள்.

முதல் ஆளாகக் குனிந்து பார்த்தது என் அக்கா.