ரஹீம் பாய் போட்ட ஒயரிங் எரியவில்லை

ரஹீம் பாய் போய்விட்டார். இன்று காலை, வடக்குத்து வீட்டில். நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர்... ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்னாலேயே முடிந்துவிட்டது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வடக்குத்து மெயின் ரோட்டில் கார் ஸ்டீரியோ மாட்டுகிற கடை வைத்திருந்தவர். மைன்ஸ் டவுன்ஷிப்பில் பழைய கார் வைத்திருக்கிற பாதிப் பேர் அந்தக் கடை வாசலில் நின்றிருப்பீர்கள்.

எங்கள் பிளாக் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்த இரண்டாவது நிமிஷம் ஒருத்தர் கேட்கிறார், "யாரு, அந்தக் காரை எரிச்ச பாயா?" கீழே நாலு பேர் சிரிப்பு பொம்மை.

சிரித்த நாலு பேரும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். நன்றாகப் படியுங்கள். அந்தக் கார் எங்களுடையது.

அப்போது நான் காலேஜ் இரண்டாம் வருஷம். அப்பா மைன்ஸில் எலக்ட்ரீஷியன், பெர்மனென்ட். செகண்ட் ஹேண்டில் ஒரு வெள்ளைக் கார் வாங்கியிருந்தார். அதிலிருந்த கேசட் பிளேயர், போட்ட டேப்பை எல்லாம் மென்று துப்பும். அதைக் கழற்றிவிட்டு புளூடூத் ஸ்டீரியோ போடத்தான் பாயிடம் போனோம்.

அரை மணி நேர வேலை என்று அப்பா நினைத்தார். பாய் பாதி நாள் எடுத்துக்கொண்டார். பிளாஸ்டிக் பழசு, இழுத்தால் உடையும் என்று முதலில் காரை வெயிலில் நிறுத்தி இளக வைத்தார். ஒயரை முறுக்கி டேப் சுற்றுகிற பழக்கமே அவருக்குக் கிடையாது... ஒவ்வொரு ஜாயின்ட்டும் சால்டரிங்.

எல்லாம் முடிந்தும் பாட்டுப் போடவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, வால்யூமைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, ஸ்பீக்கரில் காதை வைத்தார். "இன்ஜின் சத்தம் இதுல கேக்கக் கூடாதுங்க. கேட்டா எர்த் சரியில்லன்னு அர்த்தம்."

கடைசியாக ஃபியூஸ் பக்கத்தில் ஒரு வெள்ளை டேப்பை ஒட்டிப் பேனாவால் எழுதினார். "10 ஆம்ப். இதுக்கு மேல போடாதீங்க."

அதுவரைக்கும் பாய் செய்த வேலை. அதற்கு அப்புறம் நடந்தது எங்கள் வேலை.

மே மாச வெயில். அப்பா காருக்குள் ஒரு குட்டி ஃபேன் மாட்டினார். கரண்ட்டை ஸ்டீரியோ ஒயரிலிருந்தே இழுத்தார். இரண்டே நாளில் ஃபியூஸ் போனது. புதுசு போட்டார். அதுவும் போனது.

"பதினோராயிரம் வோல்ட்டுல வேலை பாக்குறவன் நான்... இத்தனூண்டு ஃபியூஸ் எங்கிட்டயே வேலை காட்டுதா?"

ஃபியூஸைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் காப்பர் கம்பியை முறுக்கி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை, குவார்ட்டர்ஸ் வாசல். டேஷ்போர்டுக்கு அடியில் இருட்டு. டார்ச் பிடித்தது நான்.

"அப்பா, இதுக்கு மேல போடாதீங்கன்னு எழுதியிருக்குப்பா" என்றேன். "லைட்டை ஒழுங்காப் பிடி" என்றார். பிடித்தேன்.

அடுத்த வாரம் நெல்லிக்குப்பத்தில் ஒரு கல்யாணம். போகிற வழியில் டேஷ்போர்டிலிருந்து புகை. அம்மா பட்டுப்புடவையோடு ரோட்டில் குதித்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டேஷ்போர்டு மட்டும் உருகி வழிந்துவிட்டது.

மறுநாள் ஷிஃப்ட் பஸ்ஸில் அப்பா சொன்னார், "எல்லாம் அந்த பாய் போட்ட ஒயரிங்." ஷிஃப்ட் பஸ்ஸில் ஒரு பேச்சு ஏறினால் எல்லா பிளாக்கிலும் இறங்கும். ஒரே வாரத்தில் அவர் பெயரே "காரை எரிச்ச பாய்" என்று ஆகிவிட்டது.

கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்தார். டேஷ்போர்டைத் திறந்து, கருகிய கம்பியைக் கட்டிங் பிளேயரால் எடுத்து அப்பா முன்னால் நீட்டினார். "சார், இது நான் போட்டது இல்லீங்க."

"பின்ன யாரு போட்டது? பேயா?"

பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அந்தக் கம்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனவர், கடைச் சுவரில் அதை ஒட்டிவைத்தார். யார் கேட்டாலும் ஒரே பதில்தான். "ஃபியூஸ் இருக்குற எடத்துல இதை வெச்சா கார் எரியும். அவ்ளோதாங்க." யார் வைத்தது என்று ஒருநாளும் சொன்னதில்லை. கடையை மூடவும் இல்லை. கொஞ்ச காலம் ஈ ஓட்டினார். அப்புறம் அவரைப் பேசினவர்களே காரை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

போன வருஷம் நான் ஒரு கார் வாங்கினேன். பழசுதான். ஸ்டீரியோ போட அவரிடமே போனேன். "பாய், அன்னிக்கு டார்ச்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்மா. டார்ச்சயும் புடிச்சிக்கினு கம்பியும் முறுக்க ஒத்த ஆளால முடியாது. யாராச்சும் கூட இருந்திருக்கணும்ல."

"அப்ப நீங்க ஏன் சொல்லல?"

"நான் சொன்னா சண்டை ஆவும். நீ சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன்."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அப்பாவுக்கு பிரஷர், ரிட்டயர்மென்ட், அது இது என்று நாளைத் தள்ளினேன். வெட்கமாக இருக்கிறது.

இப்போது சொல்கிறேன். பாய் போட்ட ஒயரிங் எரியவில்லை. எங்கள் அப்பா வைத்த கம்பி எரிந்தது.

அப்பாவும் ஃபேஸ்புக்கில் இருக்கிறார். படிக்கட்டும். வீட்டு விஷயத்தை எதற்கு வெளியில் போடுகிறாய் என்று சித்தப்பா போன் பண்ணுவார். வீட்டு விஷயத்தை ஷிஃப்ட் பஸ்ஸில் ஏற்றியது யார்? டிலீட் பண்ண மாட்டேன்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். சிரித்த நாலு பேரும் அந்தப் பொம்மையை எடுத்துவிட்டு வாருங்கள். நான் வடக்குத்துக்குக் கிளம்புகிறேன்.

பாய்... ரொம்ப லேட். ஆனால் சொல்லிவிட்டேன்.