முப்பதக்காவின் கடைசி வண்டி

தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டுதான் அக்கா ஜீப் ஓட்டுகிறார். தலையில் சுற்றிய கம்பளித் துண்டு ஒரு காதை மட்டும் மூடியிருக்கிறது. ஜன்னல் பக்கத்துக் காது குளிரில் சிவந்துபோய் வெளியே கிடக்கிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டலாமே என்று அவரைப் பற்றி எழுத வந்து பக்கத்தில் நடுங்கிக்கொண்டிருந்த நான் கேட்டுப் பார்த்தேன். "கண்ணுக்கு இன்னிக்கு லீவு சார். காதுதான் டியூட்டி பாக்குது. அதையும் மூடச் சொன்னா எப்படி?" என்றார். பேச்சு நின்று நின்றுதான் வருகிறது. ஏதாவது சத்தம் கேட்டால் உள்ளங்கையை என் பக்கம் திருப்பிக் காட்டுவார். அப்போது நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

நெடுஞ்சாலை ஒரு பெரிய ஏரியின் கரையை ஒட்டிப் போகிற நீண்ட துண்டு இது. பனிக்காலத்தில் பொழுது விடிந்த பிறகும் ஏரியிலிருந்து மூடுபனி எழுந்து சாலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்த மாதிரிக் காலைகளில் சுங்கச்சாவடியில் வண்டிகளை நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக வரிசை சேர்த்து, முன்னால் அக்காவின் ஜீப்பை விடுகிறார்கள். ஜீப்பின் கூரையில் ஒரு மஞ்சள் விளக்கு சுற்றுகிறது. அதன் பின்னால் ஒவ்வொரு வண்டியும் தனக்கு முந்திய வண்டியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு வரவேண்டும். வேகம் முப்பது. தலை போகிற அவசரம் என்றாலும் முப்பதுதான். லாரிக்காரர்கள் அவருக்கு 'முப்பதக்கா' என்று பேர் வைத்துவிட்டார்கள். வீட்டிலும் அது பரவிவிட்டது. அடுப்பில் பால் பொங்கினாலும் அம்மா முப்பதில்தான் வருவாள் என்று மகள் சொல்கிறாளாம்.

கூரையில் மஞ்சள் விளக்குக்குப் பக்கத்தில் ஓர் ஒலிபெருக்கியும் உண்டு. அக்காவின் வாய் அதில்தான் முழுதாகத் திறக்கும். அன்றைக்குக் காலை, வரிசையிலிருந்து ஒரு கார் மூக்கை வெளியே நீட்டியது. பின்னால் திரும்பிக்கூடப் பார்க்காமல் மைக்கை எடுத்தார். "ஓவர்டேக் பண்ற மகராசா, முன்னாடி என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. நாங்க இங்கேயே இருக்கோம்." கார் மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "டயர் சத்தம் பிசகுச்சு," என்றார்.

சில வினோதங்களும் உண்டு. வீட்டில் டிவியை அணைத்தபின் எரியும் சின்னச் சிவப்புப் புள்ளியின் மேல் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருக்கிறார். சிவப்பைக் கண்டால் கால் தானாக அதன் பின்னால் போகப் பார்க்கிறதாம். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் ஏறினால், வண்டி நின்றதும் அவர் கண் ஓட்டுநரின் காலுக்குத்தான் போகும். பிரேக்கில் கால் இருந்தால் அவ்வளவுதான், தொலைந்தார் அவர். "நின்னாச்சுல்ல, கால எடு!"

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை. சில வருடங்களுக்கு முன் அக்கா இதே சாலையில் தண்ணீர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு காலை, பனிக்குப் பயந்து ஒரு லாரிக்காரர் சாலையை விட்டு இறங்கி ஓரமாக நின்றார். நல்ல மனிதர். பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று இருக்கிற விளக்கையெல்லாம் எரியவிட்டார். பனிக்குள் வந்தவர்களுக்கு அந்தச் சிவப்பு, ஓடுகிற வண்டியாகத் தெரிந்தது. அது இருக்கும் இடம்தான் சாலை என்று நம்பி, ஒன்றன்பின் ஒன்றாக நேரே அதற்குள் வந்து புகுந்தார்கள். அக்கா போய்ச் சேர்ந்தபோது லாரியின் விளக்கு ஒன்று மட்டும் இன்னும் எரிந்துகொண்டிருந்ததாம். "லைட்டு போட்டது தப்புன்னு அந்த ஆளுக்கு யாரு சார் சொல்லிக் குடுத்தா? நான் இருந்தாலும் போட்டிருப்பேன்."

ஆகவே அவருடைய சட்டம் இதுதான். ஓடும்போது விளக்கு. ரோட்டை விட்டு இறங்கி நின்றுவிட்டால் எல்லா விளக்கையும் அணை, பிரேக்கிலிருந்து காலை எடு. பிரேக்கை மிதித்தாலே பின்னால் சிவப்பு எரியும் அல்லவா? "சிவப்பு பின்னாடியே வாங்கன்னு பழக்கி வச்சதே நான்தான். அப்ப நின்ன எடத்துல சிவப்பு எரியலாமா?"

எந்த வரிசைக்கும் தலை போல வாலும் முக்கியம். பாதி வழியில் கல் குவாரிச் சாலை ஒன்று வந்து நெடுஞ்சாலையில் சேர்கிறது. அங்கே கேட் கிடையாது. வேண்டும் என்று கேட்டுக் கேட்டு அக்காவுக்கு வாய் வலித்துப்போய்விட்டது. குவாரி லாரிகள் எந்த வரிசையிலும் சேராமல் பின்னாலிருந்து வந்து விழும். விழுந்தால் வாலில் இருக்கிற வண்டியின் மேல்தான் விழும். அதனால் கடைசி வண்டியை அக்காவே நேரில் போய்ப் பொறுக்குவார். பின்விளக்கு பெரிதாக, பளிச்சென்று இருக்க வேண்டும். ஓட்டுகிறவருக்கு நிதானம் இருக்க வேண்டும். அன்றைக்கு வந்த வண்டிகளில் அப்படி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆலைக்குக் காலை ஷிஃப்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த பேருந்து.

"பஸ்காரரே, நீங்க கடைசி."

ஸ்டியரிங்கில் இருந்த நரைமீசைக்காரர் கீழே பார்க்காமலே பதில் சொன்னார். "ஏன், வேற ஆளே கெடைக்கலையா? ஏற்கெனவே லேட்டு. ஷிஃப்டு போச்சுன்னா எனக்குத்தான் மெமோ."

"உங்க பின் லைட்டுதான் லட்சணமா இருக்கு."

படியில் நின்ற கண்டக்டர் களுக்கென்று சிரித்தார். பேருந்து முனகிக்கொண்டே வாலுக்குப் போனது. ஜீப்பில் ஏறி உட்கார்ந்தபிறகுதான் அக்கா என்னிடம் சொன்னார், அந்த நரைமீசைக்காரர் அவருடைய வீட்டுக்காரர் என்று.

ரோட்டில் அவரை 'பஸ்காரரே' என்றுதான் கூப்பிடுவாராம். 'ஏங்க' எல்லாம் வீட்டோடு சரி. பெண்டாட்டி பின்னாலேயே பஸ் ஓட்டுகிறவன் என்று டிப்போவில் கேலி பண்ணுவதால், மனுஷன் ஜீப்பைக் கடக்கும்போது இந்தப் பக்கம் திரும்பவே மாட்டாராம். "நான் சொல்றது எதுவும் அவர் காதுல ஏறாது சார். டிவி பாத்துக்கிட்டே 'ம்' போடுவார். என்ன சொன்னேன்னு கேட்டா முழிப்பார்."

அப்படிப்பட்டவரையா வாலில் வைத்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். உள்ளங்கை என் பக்கம் திரும்பியது.

சிறிது தூரம் எல்லாம் ஒழுங்காகவே போயிற்று. குவாரிச் சாலை சேரும் இடத்தைத் தாண்டினோம். அப்புறம் பனி இன்னும் அடர்ந்தது. ஜீப்பின் முன்பக்கமே மங்கியது. அக்காவின் பார்வை அதுவரை ஜன்னலுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்த வெள்ளைக் கோட்டில் இருந்தது. திடீரென்று அவர் இடுப்பு வரை வெளியே சாய்ந்தார்.

"கோடு போச்சு," என்றார்.

கோடு தெரியாவிட்டால் ஓட்டக் கூடாது. ஆனால் நடு ரோட்டில் நிற்கவும் கூடாது. சின்னப் பாலம் ஒன்று வரும், அதைத் தாண்டினால் இடது பக்கம் லாரிகள் ஒதுங்கி நிற்கும் சரளைத் திடல் இருக்கிறது என்று முணுமுணுத்தார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. ஜீப் ஊர்ந்தது. சக்கரத்தின் ஓசை ஓரிடத்தில் கணீரென்று மாறியது. பாலம். அது முடிந்ததும் மெல்ல இடப்புறம் ஒடித்தார். சரளை நொறுங்கும் சத்தம் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

"எல்லாரும் என் பின்னாலயே எறங்குங்க. நின்னதும் எல்லா லைட்டையும் அணைங்க. பிரேக்குல கால் வேண்டாம். கேட்டவங்க பின்னாடி வண்டிக்குச் சொல்லி விடுங்க." ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொன்னார். கேலி எதுவும் இல்லை. கூரையின் மஞ்சள் விளக்கை அணைத்தார். எங்கள் பின்னால் இருந்த லாரி இருண்டது. அதற்குப் பின்னால் ஏதோ அணைந்தது. அதற்கப்பால் ஒரே வெள்ளைச் சுவர்.

திடல் நீளமானதுதான், வரிசையும் நீளம். கடைசியாக இறங்குகிற வண்டியின் பின்பாகம் தார்ச்சாலையைத் தொட்டும் தொடாமலும்தான் நிற்கும். அவ்வளவு தூரம் ஒலிபெருக்கி எட்டாது. வீட்டுக்காரருக்கு ஃபோன் பண்ணலாமே என்றேன். "ஸ்டியரிங்ல இருக்கும்போது அவர் ஃபோனத் தொட மாட்டார் சார். தொடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினதே நான்தான்," என்று சொல்லிக்கொண்டே அக்கா கீழே குதித்தார்.

சாலை இல்லாத பக்கமாக, வண்டிகளைக் கையால் தடவிக்கொண்டே பின்னோக்கி நடந்தார். நான் அவர் துண்டின் முனையைப் பார்த்து நடந்தேன். லாரி, கார், இன்னொரு கார், மறுபடி வரிசையாக லாரிகள், எல்லாம் இருட்டு. ஒவ்வொன்றின் கதவையும் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். அடுத்து ஒரு வேன். நான்கு மூலையிலும் விளக்கு மினுக் மினுக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே வெளிறிப்போன ஒருவர் பிரேக்கின் மேல் ஏறி நிற்காத குறையாக மிதித்துக்கொண்டிருந்தார்.

"யோவ், அணைய்யா! கால எடு! நின்ன வண்டியில பிரேக்குல என்னய்யா வேலை உன் காலுக்கு?"

வேன் இருண்டது.

"பின்னாடி சொன்னீங்களா?"

"என்னத்தக்கா சொல்றது? லைட்ட அணைக்கச் சொன்னாங்க, எனக்குப் பைத்தியக்காரத்தனமா இருந்துச்சு..."

சொல்லி விட்ட செய்தி அந்த வேனோடு நின்றுபோயிருந்தது. அதற்குப் பின்னால் இருந்தவை ஒரு காரும் பேருந்தும்தான். பேருந்து நிறைய ஆட்கள். இறங்கி நின்றால் எல்லா விளக்கையும் போடுவதுதான் எந்த நல்ல ஓட்டுநருக்கும் முதலில் தோன்றும். அந்த லாரிக்காரருக்கும் அதுதான் தோன்றியது.

அப்போது அக்காவின் தலை சட்டென்று நிமிர்ந்தது. ஒரு நொடி கழித்து எனக்கும் கேட்டது. வரிசைக்குப் பின்னால் எங்கேயோ, கனமான ஒரு எஞ்சின். பாரம் ஏற்றிய லாரி. வேகம் முப்பதைவிட எவ்வளவோ அதிகம்.

அக்கா ஓடினார். முப்பதக்கா ஓடி நான் பார்த்தது அப்போதுதான். சரளையில் வழுக்கி, ஒரு கையை ஊன்றி எழுந்து, மறுபடி ஓடினார். காரின் கதவை அறைந்து, "அணை, அணை!" என்று கத்திவிட்டு, நிற்காமல் போனார். எதிரே பேருந்து எழுந்து நின்றது தெரியாமல் அதன் முன்பக்கத்திலேயே போய் மோதிக்கொண்டார்.

"ஏங்க!" என்று கத்தினார். "ஏங்க, லைட்டு... லைட்டு..."

பேருந்துக்குள் ஒரே கூச்சல். "லைட்டப் போடுய்யா, எவனாவது வந்து இடிக்கப் போறான்!" என்று பல குரல்கள். அதற்கு மேல் ஒரு குரல், அக்காவின் குரலைவிடப் பெரிதாக: "சாவி என் சட்டப் பையில இருக்கு. எவனும் லைட்டு போட முடியாது. அந்த ஃபோன் டார்ச்சையும் அணைங்க முதல்ல!" பிறகு படிப்பக்கம் குனிந்து, "அணைச்சாச்சு. காலையும் எடுத்தாச்சு. அங்க என்ன நிக்கிற, ஏறு மேல!" என்றார்.

ஒரு கை அக்காவை உள்ளே இழுத்தது. நானும் படியில் தொற்றிக்கொண்டேன்.

லாரி வந்தது. கூச்சல் அடங்கிப்போயிற்று. தரை அதிர்ந்தது, கண்ணாடிகள் கடகடத்தன, பேருந்து ஒரு பக்கமாக ஆடியது. மறுபக்க ஜன்னல்களில் மங்கலான வெளிச்சம் ஒன்று பின்னாலிருந்து முன்னால் வழிந்து போனது. லாரி எங்களைப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு அங்கே எதுவும் எரியவில்லை. அது தன் சாலையில் நேராகப் போய்விட்டது. அந்தச் சத்தம் முழுவதும் தேய்கிற வரை யாரும் அசையவில்லை. என் கையில் பேருந்தின் கம்பி எப்படி வந்தது என்று எனக்கு ஞாபகமில்லை, அதை விடவும் முடியவில்லை.

அக்காதான் முதலில் பேசினார். "உங்களுக்கு யாரு வந்து சொன்னா?"

"எவன் வந்து சொல்லணும்?" நரைமீசைக்காரருக்குக் கோபமாகத்தான் இருந்தது. "தெனம் சாப்பாட்டோட சேத்து இதத்தானே பரிமாறுற."

இருட்டில் யாரோ ஒருவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அவருடைய கை துண்டின் முனையைத் தேடி மூக்கைத் துடைத்தது. "கோடு தெரிஞ்சதும் கூப்பிடுறேன்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

வெயில் ஏற ஏறப் பனி கிழிந்தது. கோடு தெரிந்தது. மஞ்சள் விளக்கு சுழன்றது. முப்பதில் கிளம்பி முப்பதிலேயே மறுகோடிச் சாவடிக்கு வந்து சேர்ந்தோம். வழக்கம்போல அக்கா ஜீப்பை ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தார். வரிசை அவிழ்ந்து ஒவ்வொன்றாக எங்களைக் கடந்தது. சிலர் ஹாரன் அடித்தார்கள். வேன்காரர் ஜன்னல் வழியாகக் கையை உயர்த்தினார். அக்கா ஒவ்வொருவருக்கும் ஒரு பதில் வைத்திருந்தார். "மெதுவா போங்க, ஆபீஸ் எங்கேயும் ஓடிப்போகாது!"

கடைசியாகப் பேருந்து வந்தது. நரைமீசைக்காரர் வழக்கம்போல நேரே பார்த்துக்கொண்டு போனார். படியில் தொங்கிய கண்டக்டர் மட்டும், "ஏங்க!" என்று இழுத்துக் கூவினார். "போடா!" என்றார் அக்கா. பனி விலகிச் சுத்தமாகக் கிடந்த சாலையில் பேருந்தின் இரண்டு சிவப்பு விளக்குகளும் சிறுத்துக்கொண்டே போயின. அவர் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் குறிப்பேட்டை எடுக்கக் கீழே குனிந்தேன். அப்போதுதான் பார்த்தேன். எஞ்சின் அணைந்து, ஓரமாக நின்றுவிட்ட ஜீப்பில், அக்காவின் வலது கால் பிரேக்கை அடிவரை மிதித்துக்கொண்டிருந்தது. பேருந்து வளைவில் திரும்பி முழுக்க மறைந்தது. அதன் பிறகுதான் அவர் காலை எடுத்தார்.