பத்து மணியா, இரண்டு மணியா

எங்கள் குடும்பத்தில் ஸ்ட்ரோக் பரம்பரைச் சொத்து. ஆண் வாரிசுகளுக்கு மட்டும். தாத்தா விழுந்த அன்றே போனார். அப்பா மூன்று நாள் இழுத்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் முன்னைப்போல் அவ்வளவு பேர் இதில் சாவதில்லை என்று பத்திரிகையில் படித்ததும் வெட்டியெடுத்து அண்ணாவிடம் நீட்டினேன். "நம்ம வம்சமும் முன்னேறிண்டு வரது."

பிரஷர் மாத்திரையை நான் ஞாபகம் வந்தால் போடுகிறவன். அண்ணா தவறவே மாட்டார், வருஷத்தில் ஒரு நாள் தவிர. அது அப்பாவின் திதி. சிரார்த்தம் முடிகிறவரை வாயில் எதுவும் படக்கூடாது. மருந்துக்குத் தடையில்லை என்று சாஸ்திரிகளே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அண்ணா சாஸ்திரிகளைவிட வைதீகம்.

இந்த வருஷம் ஹோமம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அவர் கையிலிருந்து நெய்க்கரண்டி நழுவியது. எடுத்தார், மறுபடி நழுவியது. கூடத்துக் கடிகாரத்தில் மணி பத்து.

"என்ன அண்ணா, இத்தனை வருஷம் கழிச்சும் அப்பாகிட்ட பயமா?" என்றேன். சாஸ்திரிகள்கூடச் சிரித்துவிட்டார். அண்ணா சிரிக்கவில்லை. மன்னிதான் கவலையாகப் பார்த்தாள்.

"கை மரத்துப் போயிருக்கும் மன்னி. சம்மணம் போட்டு எத்தனை நாழி உக்காந்திருக்கார்!"

கால் மடித்து உட்கார்ந்தால் கை எப்படி மரத்துப்போகும் என்று யாரும் கேட்கவில்லை. சிரார்த்தத்தை நடுவில் விட்டால் அப்பா பட்டினியாகத் திரும்பிவிடுவார். இதையெல்லாம் நம்பாதவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளும் நானும் எழுந்திருக்கவில்லை. அண்ணா இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் முடித்தார். இரண்டு மணிக்கு இலையில் உட்கார்ந்தபோது பாயசம் கடைவாயில் வழிந்தது. வாய் கோணியிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்னவயது மலையாள டாக்டரம்மா. "எப்போழா துடங்கியது? கரெக்ட் சமயம் பறயணும்." நாலரை மணி நேரத்துக்குள் என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி போடலாம், அதைத் தாண்டிப் போட்டால் மூளையில் ரத்தம் கசியக்கூடும் என்றாள்.

அப்போது மணி மூன்று.

"ரெண்டு மணிக்கு டாக்டர். சாப்பிட உக்காந்தப்போ," என்றாள் மன்னி.

"இல்லை. பத்து மணிக்கே கை தளர்ந்துபோச்சு," என்றேன்.

மன்னி என் பக்கம் திரும்பினாள். "மரத்துப் போயிருக்கும்னு சொன்னவன் நீதானே? இப்போ வந்து மணி சொல்றயா?"

டாக்டரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பத்து என்று எழுதிக்கொண்டாள். ஊசி போடவில்லை.

அண்ணா பிழைத்துவிட்டார். வலது கை மடியில் கிடக்கிறது; மன்னிதான் பிசைந்து ஊட்டுகிறாள். என்னை அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. போனால் காப்பியும் வருகிறது, கொஞ்சம் ஆறிப்போய்.

இரண்டு மணி என்றே எழுதியிருந்தால் அந்தக் கை திரும்பியிருக்குமா, ஆளே போயிருப்பாரா? டாக்டரம்மாவைக் கேட்டால் சொல்லிவிடுவாள். மாதாமாதம் அவர்களை நான்தான் காரில் அழைத்துப் போகிறேன். மன்னி அண்ணாவை உள்ளே கூட்டிப் போகிறாள். நான் பார்க்கிங் கிடைக்கவில்லை என்று சொல்லி வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.